நாற்பதில் ஒன்று

செங்கல்பட்டு
9-1-1972

அன்புள்ள மாப்பிள்ளை நைனா முகம்மது அவர்களுக்கு, மச்சான் கியாசுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நாற்பத்தொரு நாள் யோசனைக்குப் பிறகு, மாதிரி டாங்கியின் முன்விளக்குக் காப்பைச் சைக்கிள் ஸ்போக்கில் செய்வதில்லை, குடைக் கம்பியில்தான் செய்வது என்று நேற்று அசர் தொழுகை முடிந்ததும் தீர்மானித்தேன். இதை முதலில் உங்களுக்குத் தெரிவிப்பதே முறை. ஸ்போக்கை வளைத்தால் வளைந்த இடத்தில் தட்டையாகிறது. குடைக் கம்பி வளைவிலும் உருண்டையாக நிற்கிறது. தவிர, பிறக்கும்போதே கறுப்பு. தையற்காரர் சங்கத்தில் இரண்டு பேர் இன்னும் ஸ்போக் கட்சியில் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி சுதந்திர வெள்ளி விழாப் பொருட்காட்சிக்கு ஒவ்வொரு சங்கமும் ஒரு மாதிரி செய்து வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கொத்தனார்கள் அணை கட்டுகிறார்கள். டாங்கி ஓட்டுகிற மாப்பிள்ளை சங்கத்தில் எனக்கு மட்டும் இருப்பதால், தையற்காரர்களுக்கு டாங்கி என்று முடிவாயிற்று. இதில் என் சம்மதம் கேட்கப்படவில்லை. நான் எழுந்து நின்றதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

நவம்பரில் நீங்கள் அளவுகள் எழுதி அனுப்பிய கடிதம் ஏழு ஓட்டைகளோடு வந்தது. எண் இருந்த இடத்தையெல்லாம் உங்கள் தணிக்கை அதிகாரி கத்தரித்திருக்கிறார். நேர்வெட்டு பழுதில்லை. மூலையில் மட்டும் கத்தரியைத் திருப்புகிறார். தாளைத்தான் திருப்ப வேண்டும். சொல்ல முடிந்தால் சொல்லவும்.

ஆகையால் இனி அடி, அங்குலம் எழுத வேண்டாம். உங்கள் உடம்பால் எழுதுங்கள். ‘இது என் இடுப்பு வரை’, ‘இது என் தோள் அகலத்துக்கு நாலு விரல் கூட’ என்பதுபோல. நிக்காஹுக்குத் துணி தைக்க எடுத்த உங்கள் அளவு முழுவதும் கடையின் அளவு நோட்டில் நாற்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கத்தரிக்க எந்த அதிகாரியாலும் முடியாது.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி தந்தி வந்தது. ‘காலில் காயம், பூனா ராணுவ மருத்துவமனை, நிலை திருப்திகரம்’ என்று இருந்தது. திருப்தி யாருடையது என்று இல்லை. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதமும் இல்லை. தங்கை பதருன்னிசா தபால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்கிறாள். அவர் இப்போதெல்லாம் வேறு தெரு வழியாக வருகிறார்.

வீட்டில் நானும் என் தங்கையும் சுகம். விளக்குக்கும் காப்புக்கும் இடைவெளி எவ்வளவு என்று எழுதவும். கால் எப்படி இருக்கிறது என்றும் எழுதவும்.

கியாசுதீன்

*

பூனா
2-2-1972

அன்பு மச்சானுக்கு நைனா முகம்மதின் ஸலாம். நீங்களும் பதருவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். அதிகாரியைக் கத்தரி விஷயத்தில் திருத்த வழியில்லை. அவர் எல்லையில் இருக்கிறார், நான் இங்கே படுத்திருக்கிறேன். கை சும்மாதான் இருக்கிறது. நீங்கள் சொன்ன முறையிலேயே எழுதுகிறேன்.

சக்கரத்தின் உயரம் என் பேண்ட்டின் உள்கால் நீளம், பூட்ஸ் இல்லாமல். ஒரு பக்கத்துக்கு ஆறு சக்கரம். டாங்கியின் நீளம், பீரங்கிக் குழலை விட்டுவிட்டால், நான் நாலு தரம் படுத்து ஐந்தாம் தரம் முழங்கால்வரை. உயரம், நான் நின்று என் தோள்மேல் நானே உட்கார்ந்தால் வருவது. டிரைவர் முன்பக்கம் வலது ஓரத்தில் உட்காருவான். அவன் தலைக்கு மேல் இரண்டு மூடி, அலமாரிக் கதவுபோல ஆளுக்கொரு பக்கம் திறக்கும். ஒவ்வொன்றிலும் என் உள்ளங்கை அளவில் பெரிஸ்கோப் கண்ணாடி. விளக்குக்கும் காப்புக்கும் நடுவில் என் முஷ்டி நுழையும்.

உள்ளே டீ போட ஒரு மின்சாரக் கெட்டில் உண்டு. பின்னால் வலது ஓரத்தில் ஒரு டெலிபோன் பெட்டி உண்டு. வெளியே நடந்து வருகிற காலாட்படைக்காரன் அதைத் திறந்து பேசினால் உள்ளே இருக்கிற எங்களுக்குக் கேட்க வேண்டும். எஞ்சின் சத்தத்தில் பெரும்பாலும் கேட்பதில்லை.

கால் விஷயம் டாக்டர்கள் கையில் இருக்கிறது. கவலை வேண்டாம் என்று பதருவிடம் சொல்லவும். அவளுக்குத் தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறேன்.

நைனா

*

செங்கல்பட்டு
23-2-1972

மாப்பிள்ளைக்கு ஸலாம். உடல்நலம் விசாரித்ததாகக் கொள்ளவும், விவரம் கீழே.

உங்கள் உள்கால் நீளத்தைத் தையல் மெஷின் பாபினின் குறுக்களவால் வகுத்தேன். நாற்பது வந்தது. ஆகவே மாதிரி நாற்பதில் ஒன்று, சக்கரத்துக்குப் பன்னிரண்டு பாபின். உங்கள் முழுக்கால் நோட்டில் நாற்பது அங்குலம் என்று இருக்கிறது. மாதிரியில் அது சரியாக ஒரு அங்குலம். இவ்வளவு சுத்தமாக வகுபடும் வாடிக்கையாளர் எனக்கு வேறு யாரும் இல்லை.

சங்கிலிப் பட்டைக்கு இரண்டு பித்தளை ஜிப். பக்கத் தகடுகளுக்குப் பவுடர் டப்பா. போல்ட்டுகளுக்குக் குண்டூசித் தலை, இதுவரை எண்பத்து நான்கு. விளக்குகளுக்கு டிக் பட்டன். தளபதி தலை நீட்டுகிற மேல்மூடிக்கு என் நடுவிரலிலிருந்த அங்குஸ்தானையே கழற்றிவிட்டேன். அன்று முதல் ஊசி விரலில் ஏறுகிறது.

சுழலும் மேற்கோபுரம்தான் தொல்லை. அது வார்ப்பு இரும்பு, எங்கே பார்த்தாலும் உருண்டை. தகரத்துக்கு அது வராது. பஸ் ஏறி மாமல்லபுரம் போய், சம்பத் என்ற சிற்பியிடம் மாக்கல்லில் செதுக்கச் சொல்லிப் படம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால் பின்பக்கத்தில் ஒரு தாமரை.

“இது இன்னா?” என்றேன்.

“மொட்டையா இருந்துச்சி பாய். பார்க்க சகிக்கல.”

“அது மொட்டையாத்தான் இருக்கும்.”

“யாரு சொன்னது?”

“ராணுவம்.”

“ராணுவத்துக்கு இன்னா தெரியும் சிற்பத்தைப் பத்தி? ஒரு யாளியும் வெச்சிருப்பேன், எடம் பத்தல.”

தாமரையை எடுக்கச் சொன்னேன். எடுக்கலாம், கோபுரம் முக்காலாகிவிடும் என்றார். யோசித்துப் பார்த்ததில், டாங்கிகளின் பின்பக்கத்தில் சாமான் வைக்கும் கம்பிவலைக் கூடை ஒன்று இருப்பதாகப் பத்திரிகைப் படத்தில் பார்த்தது நினைவு வந்தது. கொசுவலைத் துண்டில் கூடை செய்து தாமரையை மறைத்துவிட்டேன்.

இப்போது டிரைவர் இருக்கையில் இருக்கிறேன். டிரைவரைத் தக்கையில் செய்து உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் உங்கள் இடது கால் கிளட்சில் எவ்வளவு மடங்கும்? இருக்கையிலிருந்து கிளட்சுக்கு உங்கள் காலில் எதுவரை? ஒரு தரம் உட்கார்ந்து அளந்து எழுதவும்.

லீவு எப்போது என்று பதருன்னிசா கேட்கச் சொன்னாள்.

கியாசுதீன்

*

பூனா
18-3-1972

மச்சானுக்கு ஸலாம். இந்தக் கடிதத்தைத் தனியாகப் படிக்கவும்.

கிளட்ச் அளவை என்னால் எடுக்க முடியாது. எடுக்க இடது கால் இல்லை. டிசம்பர் ஒன்பதாம் தேதி வண்டி கண்ணிவெடியில் ஏறியது. முதலில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஜனவரியில் சீழ் வைத்து, மறுபடி முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். நீங்கள் கொஞ்சமாக வெட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு அளவுக்கு வெட்டுவீர்களே, அப்படி. இனி வெட்ட வேண்டியதில்லை என்கிறார்கள்.

பதருவிடம் சொல்ல வேண்டாம். கால் வீங்கியிருக்கிறது, குறைய நாளாகும் என்று சொல்லுங்கள். இது என் வேண்டுகோள்.

காரணமும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சேர்ந்திருந்தது முப்பத்தேழு நாள். அவளுக்கு வயது இருபத்தொன்று. ஒற்றைக் காலனுக்குச் சோறாக்கிக் காலம் தள்ள அவள் எழுதிக் கொடுக்கவில்லை. நான் இங்கேயே ஏதாவது தொழில் கற்றுக்கொண்டு இருந்துவிடுவேன். ஜமாஅத்துக்கு எழுதி அவளை விட்டுவிடுகிறேன். நீங்கள் நல்ல இடமாகப் பார்த்து முடித்து வையுங்கள்.

ஜமாஅத்துக்கு உடனே எழுதியிருப்பேன். உங்களுக்கு அளவு சொல்லுகிற சாக்கில் அந்த வீட்டுக்கு இன்னும் நாலு கடிதம் எழுதலாமே என்று இருக்கிறது. டாங்கி முடிந்ததும் தெரிவியுங்கள். அன்றைக்கு ஜமாஅத்துக்கு எழுதுகிறேன்.

மற்றபடி பசி, தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது.

நைனா

*

செங்கல்பட்டு
27-5-1972

மாப்பிள்ளைக்கு ஸலாம்.

உங்கள் மார்ச் மாதக் கடிதம் கிடைத்தது. கடையில் கல்யாண வேலை நெருக்கியதால் உடனே பதில் எழுத முடியவில்லை. இந்த வருஷம் கல்யாணங்கள் அதிகம்.

டாங்கி முடியவில்லை. முடிந்தது என்ற எண்ணம் ஏற்படும்படி நான் முன்பு ஏதாவது எழுதியிருந்தால் அது தவறு. புதிதாகச் சில விஷயங்கள் தெரியவந்தன. டாங்கியின் வெளிப்பக்கத்தில் மண்வெட்டி கட்டியிருப்பார்களாமே? அப்படியானால் கடப்பாரையும் இருக்குமே? வாளி எங்கே தொங்கும்? இழுவைச் சங்கிலிக்கு இரண்டு முனையிலும் கொக்கியா, ஒரு முனையில் மட்டுமா? கெட்டிலுக்கு மூடி உண்டா? உண்டென்றால் அது தனியாகக் கழலுமா, கீல் வைத்ததா? கெட்டில் உள்ளேதானே இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று சங்கத்துச் செயலாளர் ஆராவமுதன் கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன்.

எண்ணிப் பார்த்ததில் பாக்கி இருபத்துமூன்று பாகம். ஒவ்வொன்றுக்கும் அளவு வேண்டும். இனிமேல் அளவுகளைக் கையால் மட்டும் சொன்னால் போதும்.

பதருன்னிசாவிடம், நீங்கள் சொன்னபடி, வீக்கம் என்றேன்.

“இன்னாண்ணே, ஆறு மாசமா வீங்கிகினே கீதா? இந்நேரம் வூடு சைஸுக்கு ஆயிருக்கணுமே” என்றாள்.

ராணுவ மருத்துவம் நிதானமானது என்றேன். அவள் டாங்கியின் பக்கம் திரும்பினாள். பின்பக்கத்து டெலிபோன் பெட்டியை நான் தீப்பெட்டி அட்டையில் செய்திருக்கிறேன், கதவு திறக்கும். அதைத் திறந்து பார்த்து, “இதுல பேசினா உள்ள இருக்கறவருக்குக் கேக்குமா?” என்றாள். எஞ்சின் நின்றிருந்தால் கேட்கும் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பதிலில் கெட்டிலை மறக்க வேண்டாம்.

கியாசுதீன்

*

பூனா
20-6-1972

மச்சானுக்கு ஸலாம்.

மண்வெட்டிப் பிடி என் தோளிலிருந்து மணிக்கட்டுவரை. கடப்பாரை அதைப்போல் ஒன்றரை. வாளி பின்பக்கம். கொக்கி இரண்டு முனையிலும். கெட்டில் மூடி தனியாகக் கழலும், எப்போதும் தொலைந்துபோயிருக்கும். அதனால் மூடி இல்லாமலே செய்யலாம், ஒரு பாகம் குறையும்.

இவ்வளவு தேவையா மச்சான்? அந்த வண்டியை நாலு வருஷம் ஓட்டினேன். நீங்கள் கேட்கிற பாதியை நானே பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டில் சுபேதாரிடம் கேட்டு எழுதுகிறேன். அவர் பீரங்கிப் படை. அவருக்கு இரண்டு கையும் கட்டு. வாயால் சொல்லுவார், நான் என் கையால் அளந்து காட்டுவேன், சரி தப்பு என்பார்.

ஒரு உதவி. செயற்கைக் கால் பொருத்த முறை வர நாலைந்து மாதம் ஆகும். அதுவரை ஊன்றுகோல். இங்கே கொடுக்கிற பேண்ட்டில் இடது பக்கத்தை மடித்து ஊக்கு குத்த வேண்டியிருக்கிறது. குத்திக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு பேண்ட் தைத்து அனுப்புங்கள். இடுப்பு 29. வலது கால் 40. இடது கால் 17, சுற்றளவு 18, கீழே மூடித் தைக்கவும்.

வேலை முழுவதும் உங்கள் கையாலேயே நடக்கட்டும். பதருவின் கண்ணில் படக் கூடாது.

பாக்கி எத்தனை?

நைனா

*

செங்கல்பட்டு
10-7-1972

மாப்பிள்ளைக்கு ஸலாம்.

பேண்ட் தயார். காக்கி டிரில், இரண்டு பை. வெட்டியது, மெஷின் ஓட்டியது, பட்டன் வைத்தது, மடிப்பு, எல்லாம் நானே. மடிப்பும் பட்டனும் எங்கள் கடையில் பதருன்னிசாவின் வேலை என்பதால் எனக்குப் பழக்கம் விட்டிருக்கிறது. மடிப்பு லேசாகக் கோணும். பொறுத்துக்கொள்ளவும்.

ரகசியத்தைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். துணியை அவள் அடுப்படியில் இருக்கும்போது வெட்டினேன், அவள் ரேஷன் கடைக்குப் போனபோது தைத்தேன். அளவு நோட்டில் ஏறாமல் இந்தக் கடையில் துணி வெட்டப்பட்டதில்லை, இருபத்திரண்டு வருஷ வழக்கம். ஆகவே நாற்பத்தேழாம் பக்கத்தில் பழைய அளவுக்குக் கீழே புதிய அளவை எழுதித் தேதி போட்டேன். அது கடை விஷயம், அதில் யாருக்கும் எதுவும் சொன்னதாகாது.

பார்சலுக்குக் காடாத் துணியில் உறை போட்டு நாலு பக்கமும் தைத்து மூடிவிட்டேன். கல்யாண மாப்பிள்ளை ஒருவர் ஷெர்வானி போட்டுப் பார்க்கக் காத்திருந்ததால், தபாலாபீஸுக்குப் பதருன்னிசாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே பேண்ட் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உறை தைத்தாகிவிட்டதால் ஆபத்தில்லை.

டாங்கியில் பாக்கி பதினொன்று. கெட்டிலுக்கு மூடி செய்துவிட்டேன். தொலைப்பது உங்கள் படையின் விஷயம்.

கியாசுதீன்

*

செங்கல்பட்டு
11-7-1972

என்னவருக்கு பதருன்னிசாவோட ஸலாம். நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு இந்தத் தடவை கேக்கல. தெரிஞ்சுபோச்சு.

பார்சலை அண்ணன் என் கையில்தான் கொடுத்தார். உறைத் தையல் கோணலா இருந்துச்சி. அப்படியே போனா பூனாவுக்குள்ள பிரிஞ்சிடும். திருப்பித் தைக்கலாம்னு பிரிச்சேன். உள்ள பேண்ட்டுல ஒரு கால் குட்டை. அண்ணன் தப்பா வெட்டிட்டார்னு நினைச்சேன். அப்புறம், அவர் தப்பா வெட்டி நான் பார்த்ததே இல்லையேன்னு நோட்டை எடுத்தேன். நாற்பத்தேழாம் பக்கம். வலது 40, இடது 17. தேதி போட்டிருந்துச்சி. உங்க கடுதாசி எல்லாத்தையும் அந்தப் பக்கத்துலதான் மடிச்சு வெச்சிருக்கார். படிச்சேன்.

அண்ணன்கிட்ட ஒண்ணும் கேக்கல. அவர் ஷெர்வானிக்குக் காலர் வெச்சுகினு இருந்தார். என் முகத்தைப் பார்த்துட்டு ரெண்டு தடவை ஊசியைக் கையில குத்திக்கினார்.

முப்பத்தேழு நாள்னு எழுதியிருக்கீங்க. தப்பு. முப்பத்தெட்டு. வண்டி ஏறின நாளை விட்டுட்டீங்க. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் இருந்தீங்க, சாப்பிட்டுட்டுதான் போனீங்க.

அண்ணனுக்கு எழுதினீங்க. ஜமாஅத்துக்கு எழுதப் போறீங்க. பக்கத்துக் கட்டில் சுபேதார்கிட்டகூட மண்வெட்டி எவ்ளோ நீளம்னு கேட்டீங்க. என்கிட்ட மட்டும் ஒண்ணும் கேக்கல. எனக்கு எழுதி அனுப்பாதீங்க. விட்டுடறதா இருந்தா இங்க வந்து என் எதிர்ல சொல்லுங்க. நிக்க முடியலன்னா உக்காந்துகினு சொல்லுங்க. ஸ்டூல் கீது.

இன்னொண்ணு. டாங்கி ஏப்ரல் மாசமே முடிஞ்சிடுச்சி. பச்சைப் பெயிண்ட் அடிச்சு மாடியில காய வெச்சதே நான்தான். அதுக்கப்புறம்தான் மண்வெட்டி, கடப்பாரை, வாளி, சங்கிலி. “இன்னாண்ணே இது, டாங்கியா, சமையக்கட்டா?”ன்னு கேட்டேன். “ராணுவ விஷயம், உனக்குப் புரியாது”ன்னார். உங்க மார்ச் மாசக் கடுதாசியைப் படிச்சப்புறம் புரிஞ்சுது.

மடிப்பைப் பிரிச்சு நானே தைச்சிட்டேன். உள்பக்கம் மல் துணி வெச்சிருக்கேன். உரசாது.

பதருன்னிசா

*

பூனா
5-8-1972

அன்புள்ள பதருவுக்கு நைனா எழுதுவது.

நீ நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பேண்ட் வந்தது. போட்டுக்கொண்டேன். உரசவில்லை. உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மூன்று வாரமாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சுபேதார் இதைப் பார்த்துவிட்டு, உனக்குக் காலைத்தானே எடுத்தார்கள் என்றார்.

முப்பத்தெட்டுதான். அன்று மீன் குழம்பு.

ஜமாஅத்துக்கு இன்னும் எழுதவில்லை. டாங்கியில் பதினொரு பாகம் பாக்கி என்று மச்சான் எழுதியிருக்கிறார்.

செப்டம்பரிலிருந்து இங்கே ரேடியோ ரிப்பேர் பயிற்சி கொடுக்கிறார்கள், ஒன்றரை வருஷம். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு அறை. குழாய் வெளியே. ஜன்னல் ஒன்றுதான். இந்தி தெரியாமல் காய்கறி வாங்க முடியாது. விண்ணப்பத்தில் ‘குடும்பம் உடன் தங்குமா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன். அதை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி கடைசி நாள்.

அதில் என்ன எழுத? இது நான் உன்னிடம் கேட்பது.

நைனா

*

செங்கல்பட்டு
26-8-1972

மாப்பிள்ளைக்கு ஸலாம். இந்தக் கடிதம் சேரும்போது நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

பொருட்காட்சி முடிந்தது. முதல் பரிசு மதுராந்தகம் ஏரியின் மாதிரிக்கு. அதில் நிஜத் தண்ணீர் இருந்தது. இரண்டாம் பரிசு கொத்தனார்களின் அணைக்கு. அதிலும் தண்ணீர் இருந்தது, மேஜையெல்லாம் வழிந்தது. டாங்கிக்கு மூன்றாம் பரிசு. நடுவராக வந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கம்பிவலைக் கூடைக்குள் எட்டிப் பார்த்துத் தாமரையைக் கண்டுபிடித்துவிட்டார். போர்க்கருவியிலும் பண்பாட்டை மறக்காத கலைஞர் என்று என்னைப் பற்றிக் குறிப்பு எழுதினார். சம்பத் மாமல்லபுரத்திலிருந்து வந்திருந்தார். “யாளி வெச்சிருந்தா ஃபர்ஸ்டு” என்றார்.

முன்விளக்குக் காப்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

டிரைவரை இருக்கையில் உட்கார வைத்து மூடியை ஒட்டிவிட்டேன். இரண்டு காலும் வைத்தேன், ஒவ்வொன்றும் ஒரு அங்குலம். இந்த மாதிரி டிசம்பர் எட்டாம் தேதி நிலவரப்படி செய்யப்பட்டது. கிளட்ச் அளவு கிடைக்காததால் இடது காலைக் குத்துமதிப்பாக மடித்திருக்கிறேன். தவறு இருந்தால் மன்னிக்கவும். இனித் திறந்து பார்க்க முடியாது.

உங்கள் விண்ணப்பத்தின் கட்டத்துக்குப் பதருன்னிசா தந்தி கொடுத்தது உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஒரே சொல்தானா, அதே கட்டணத்துக்கு இன்னும் ஏழு சொல் சேர்க்கலாமே என்று தந்தி குமாஸ்தா சொன்னாராம். “அவருக்கு ஒண்ணு போதும்” என்றாளாம். என்னிடம் பிறகுதான் சொன்னாள். சொல்லும்போது கூடவே நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். நான் அதைப் பார்த்துவிட்டு, எண்கள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன என்றேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பாக்கி பதினொரு பாகங்கள் அவசியமில்லை என்று தெரியவந்ததால் கைவிட்டேன்.

உங்கள் அண்ணன் கிஃபாயத்துல்லா சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்து, நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவளை அழைத்துக்கொண்டு ரயில் ஏறினார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, ஒரு ஸ்டூல். ஸ்டூல் பூனாவிலும் கிடைக்கும் என்றேன். கேட்கவில்லை. டாங்கியை அட்டைப் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் வெட்டுத்துணி திணித்துக் கொடுத்திருக்கிறேன். கோபுரம் கல் என்பதால் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. டெலிபோன் பெட்டியின் கதவு வழியில் கழன்றிருந்தால் பசை வேண்டாம், அவளிடம் சொன்னால் ஒரு தையல் போட்டுவிடுவாள்.

செயற்கைக் கால் பொருத்தியதும் அளவு எடுத்து அனுப்பவும். நாற்பத்தேழாம் பக்கத்தில் மூன்றாவது வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இங்கே நான் சுகம். பட்டன் வைக்கவும் மடிப்பு தைக்கவும் ஆள் தேவை என்று இன்று காலை கடை வாசலில் அட்டை மாட்டியிருக்கிறேன்.

கியாசுதீன்